நிவி கல்யாணத்துக்கு நான் காய்ச்சிய எண்ணெய்

ஆண்பிள்ளைக்கு நாற்பத்தைந்து வயது தாண்டினால் இரண்டில் ஒன்று பிடித்துக்கொள்ளும். ஒன்று ஆன்மிகம், இன்னொன்று மூலிகை. எனக்கு மூலிகை பிடித்தது. ஆன்மிகம் பிடித்திருந்தால் தலையணை உறைகளாவது மிஞ்சியிருக்கும் என்று என் மனைவி கோமதி இன்றைக்கும் சொல்வாள்.

எல்லாம் ஒரு கழுத்துவலியில் ஆரம்பித்தது. நான் தருமபுரியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியர். பரீட்சைத் தாள் திருத்தித் திருத்திக் கழுத்து ஒரு பக்கமாகவே நின்றுவிட்டது. அந்த நேரம் பார்த்து கைப்பேசியில் ஒரு தாடிக்காரர் தோன்றி, “உங்கள் வீட்டு வேலியிலேயே வைத்தியர் நிற்கிறார்” என்றார். எங்கள் வீட்டுக்கு வேலி கிடையாது, காம்பவுண்டுச் சுவர்தான். இருந்தாலும் ஊருக்கு வெளியே ஓடைப் பக்கம் போய் நொச்சி பறித்து வந்து, நல்லெண்ணெயில் போட்டுக் காய்ச்சித் தடவினேன். ஒரு வாரத்தில் கழுத்து திரும்பியது. (பரீட்சைத் தாளும் அதே வாரத்தில்தான் தீர்ந்தது. அதை நான் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.)

அதன் பிறகு எங்கள் வீட்டில் எந்த உபாதையும் எண்ணெயைத் தாண்டிப் போக முடியவில்லை. கொசுவுக்கு வேப்பெண்ணெயில் கற்பூரத்தைப் பொடித்துப் போட்டு விளக்கேற்றினேன். மாடியில் குடியிருந்தவர்கள் காலி செய்துகொண்டு போனார்கள், கொசுக்கள் இருந்தன. தூக்கம் வரவில்லை என்ற மகனுக்கு உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தேய்த்துவிட்டேன். அவன் எழுந்து தண்ணீர் குடிக்கப் போகையில் டைல்ஸில் வழுக்கி விழுந்தான். விழுந்த இடுப்புக்கும் என்னிடமே எண்ணெய் இருந்தது. கரிசலாங்கண்ணித் தைலத்துக்கு என் தலையில் வேலை இல்லாததால் (எனக்கு வழுக்கை கல்யாணத்தை ஒட்டியே வந்துவிட்டது, சீர்வரிசை மாதிரி) கோமதியின் தலையில் சோதித்தேன். முடி கறுத்ததோ இல்லையோ, தலையணை பச்சையானது.

“வூட்ல ஒரு சட்டிய நீங்க மிச்சம் வெக்கலிங்க. கத்தரிக்கா பொரியல்ல நொச்சி வாசம் அடிக்குது” என்றாள்.

“நல்லதுதானே. சளி புடிக்காது.”

“எனக்கு சளியே இல்லிங்களே.”

“இனிமேலும் வராது.”

அவள் என்னைப் பார்த்த பார்வைக்கு மட்டும் இன்றுவரை எண்ணெய் கண்டுபிடிக்க முடியவில்லை.

கேலி செய்தவர்களுக்கு நடுவில் எங்கள் தலைமை ஆசிரியர் ஒருவர்தான் என்னை நம்பினார். அவருக்குத் தீராத தலைபாரம். நான் கொடுத்த எண்ணெயில் ஒரு சொட்டை நெற்றியில் வைத்துக்கொண்டு, “பிரமாதம் சார், மண்டைக்குள்ள ஜன்னல் தெறந்த மாதிரி இருக்குது” என்றார். ஒரு மனிதனைக் கெடுக்க ஒரு பாராட்டு போதும். அன்றிலிருந்து நான் நடையையே மாற்றிக்கொண்டேன்.

இந்த நிலையில்தான் நிவிக்குக் கல்யாணம் முடிவானது.

நிவி என் தங்கை மல்லிகாவின் ஒரே மகள். தீர்த்தமலை அடிவாரத்தில் அவர்களுக்கு நிலம், மஞ்சளும் மரவள்ளியும் போடுகிறார்கள். மாப்பிள்ளை கார்த்தி, மாரண்டஹள்ளி. அப்பாவோடு சேர்ந்து தக்காளி மண்டி நடத்துகிறவன். நிச்சயம் ஆன நாளிலிருந்து நிவியும் அவனும் போனைக் கீழே வைக்கவில்லை. மல்லிகாவே, “ரெண்டும் கல்யாணத்துக்கப்பறம் பேசறதுக்கு ஏதாச்சும் மிச்சம் வெக்கிதுங்களான்னு தெரியலண்ணா” என்று கவலைப்பட்டாள். அவ்வளவு பொருத்தம்.

ஆனால் மாப்பிள்ளையின் அம்மாவுக்கு ஒரு பயம் இருந்தது. அதைப் பயம் என்று லேசாகச் சொல்லக்கூடாது, காயம். அவருடைய மூத்த மகனுக்கு முன்பு ஒரு இடத்தில் நிச்சயம் செய்திருந்தார்களாம். நலங்கில் உட்கார்ந்த பெண் அழுதுகொண்டே இருந்திருக்கிறாள். பிறந்த வீட்டை விட்டுப் போகிற வருத்தம் என்று எல்லோரும் சமாதானம் சொல்லியிருக்கிறார்கள். விடிந்து பார்த்தால் அந்தப் பெண், எனக்கு இதில் விருப்பமே இல்லை, அடித்து உட்கார வைத்தார்கள் என்று சபையில் சொல்லிவிட்டாள். கல்யாணம் நின்றது. வந்த ஜனம் சாப்பிடாமல் திரும்பிப் போனது.

இதைச் சம்பந்தியம்மா நிச்சயத்தன்று என்னிடமே சொன்னார். “அந்தப் புள்ள மேல எனக்குக் கோவமில்லிங்க வாத்தியாரே. அழுவறப்பவே நான் என்னான்னு கேட்டிருக்கணும், கேக்கல. அதுலருந்து ஒண்ணு முடிவு பண்ணிட்டன். அழுவற பொண்ணு கழுத்துல எம்மவன் கையால தாலி ஏறாது.”

நியாயமான பேச்சு. ஆனால் அன்றைக்கே ஒரு சங்கடம் நடந்தது. நிவிக்குச் சிறு வயதிலிருந்தே மூக்கில் தகராறு. தலையில் ஏதாவது குளிர்ச்சி பட்டால் வரிசையாகத் தும்முவாள், கண் கலங்கும். நிச்சயத்தில் சந்தனம் பூசியதும் அதுதான் நடந்தது. சம்பந்தியம்மாவின் முகம் சட்டென்று மாறியது. மல்லிகா பதறிப்போய், அது சைனஸ் என்று சொல்லி ஸ்கேன் படத்தைத் தவிர மற்ற எல்லா ஆதாரத்தையும் காட்டினாள்.

நான் முன்னால் வந்து, நெஞ்சை நிமிர்த்தி, ஒரு தாய்மாமனுக்கு உரிய கம்பீரத்தோடு சொன்னேன்: “நலங்கு அன்னிக்கு எங்க நிவி கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வராதுங்க. அதுக்கு நான் பொறுப்பு.”

இந்த மாதிரி வாக்கியங்களைச் சொல்லும்போது வாயை யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். கோமதி அன்றைக்குப் பந்தியில் இருந்தாள்.

எங்கள் வகையறாவில் நலங்கு எண்ணெய் தாய்மாமன் வீட்டிலிருந்துதான் வரவேண்டும். பெண்ணை மணையில் உட்கார வைத்து, உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து அருகம்புல்லை எண்ணெயில் தோய்த்துக் காலிலும் முழங்காலிலும் தோளிலும் தொட்டு, கடைசியில் உச்சந்தலையில் வைப்பார்கள். எல்லோரும் செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயைத் தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு போய் வேலையை முடித்துவிடுவார்கள். எனக்கு அது போதவில்லை. வெறும் நல்லெண்ணெய் குளிர்ச்சி. நிவி தும்முவாள், கண் கலங்கும், என் வாக்கு போகும். ஆகவே சளியை முளையிலேயே கிள்ளுகிற ஒரு நலங்கு எண்ணெயைத் தயாரிப்பது என்று முடிவு செய்தேன்.

நொச்சி, துளசி, ஓமவல்லி, சுக்கு, மிளகு எல்லாம் போட்டு நல்லெண்ணெயைப் பதமாகக் காய்ச்சி வடிகட்டினேன். இளஞ்சூட்டில் கற்பூரமும் புதினா உப்பும் சேர்த்தேன். புதினா உப்பு என்பது பார்க்கக் கல்கண்டு மாதிரி இருக்கும், முகர்ந்தால் முன்ஜென்மம் ஞாபகம் வரும். நாட்டு மருந்துக் கடைக்காரர், “இவ்ளோ எதுக்குங்க?” என்று கேட்டார். “கல்யாணத்துக்கு” என்றேன். அவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பொட்டலம் கட்டினார்.

ஒரு சொட்டை எடுத்து என் உச்சியில் வைத்துப் பார்த்தேன். வத்தல்மலையில் விடியற்காலையில் பஸ்ஸை விட்டு இறங்கின மாதிரி இருந்தது. வெற்றி என்று நினைத்தேன்.

வேதியியலில் செறிவு என்று ஒரு பாடம் உண்டு. வருடா வருடம் அதை நடத்துகிறேன். கரைசலில் பொருள் எவ்வளவு இருக்கிறது என்பது மட்டுமல்ல, கரைசலை எவ்வளவு பயன்படுத்துகிறோம் என்பதும் முக்கியம் என்று பிள்ளைகளின் மண்டையில் அடிக்காத குறையாகச் சொல்வேன். அப்படிப்பட்ட நான் ஒரு தலைக்கு ஒரு சொட்டு என்று கணக்குப் போட்டேனே தவிர, நலங்கு வைக்கப்போவது ஒருவர் இல்லை, தீர்த்தமலையிலிருந்து தருமபுரி வரைக்கும் உள்ள எங்கள் மொத்த வகையறா என்பதை மறந்துவிட்டேன்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் அருகம்புல்லை நம்புகிறவர்கள் அல்ல. சாஸ்திரத்துக்குப் புல்லால் தொட்டுவிட்டு, பாசத்துக்குக் கை நிறைய எடுத்து உச்சியில் தட்டுவார்கள். எண்ணெயின் அளவுதான் பாசத்தின் அளவு. மல்லிகாவோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பவர்கள் இரண்டு கை வைப்பார்கள், நாளைக்கு யாரும் ஒரு சொல் சொல்லிவிடக்கூடாது பாருங்கள். யாருடைய முறையையும் தவிர்க்கவும் முடியாது. ஒருத்தரை விட்டுவிட்டால் அது அடுத்த தலைமுறை வரைக்கும் பேசப்படும்.

இரண்டு ஊருக்கும் பொதுவாகத் தருமபுரியில் மண்டபம் பிடித்திருந்தார்கள். கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் நலங்கு. முன்வரிசையில் சம்பந்தியம்மாவும் மாரண்டஹள்ளிப் பெண்களும். மேடைக்குப் பக்கத்தில் பெரிய எல்.ஈ.டி. திரை. வீடியோக்காரர் எடுப்பதெல்லாம் அதில் சுடச்சுடத் தெரியும்.

முதல் மரியாதை எங்களுக்கு. நானும் கோமதியும் எண்ணெய் வைத்தோம். நிவி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“ஜில்லுன்னு இருக்குது மாமா.”

“மாமன் காய்ச்சினதுல்ல” என்றேன், சம்பந்தியம்மாவின் காதில் விழுகிற மாதிரி.

அப்புறம் பெரியத்தை வந்து ஒரு கை. சின்னத்தை வந்து ஒரு கை. மல்லிகாவின் நாத்தனார் (வரப்புத் தகராறு) வந்து இரண்டு கை. எண்ணெய் வகிடு வழியாக இறங்கி நெற்றிக்கு வந்தது. புருவம் கொஞ்ச நேரம் அணையாக நின்று தாங்கியது. அத்தைகளின் வரிசை நீளவே அணை உடைந்தது.

நிவியின் கண்ணில் முதல் துளி எட்டிப் பார்த்தது. அடுத்த அத்தை ஒரு கை வைத்தார். ஆடி மாதத்து ஒகேனக்கல் மாதிரி கொட்ட ஆரம்பித்தது. கண்கள் இறுக மூடிக்கொண்டன, மூக்கு சிவந்தது, உதடு துடித்தது. வீடியோக்காரர் பிறவிப்பயன் அடைந்தவர் போல மண்டியிட்டு நெருங்கினார். திரை முழுக்க நிவியின் அழுகிற முகம். “சூப்பர் ஃபீலிங் மேடம், அப்படியே இருங்க” என்றார். சவுண்டு சர்வீஸ்காரர் தன் பங்குக்குப் பெண்ணை வழியனுப்புகிற பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டார். முன்வரிசைப் பெண்கள் சிலரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவர்கள் பாட்டுக்கு அழுதார்களா, என் எண்ணெயின் ஆவிக்கு அழுதார்களா என்பது கடவுளுக்குத்தான் தெரியும்.

சம்பந்தியம்மா எழுந்தார். அவர் பிறந்த வீடு ஒசூருக்கு அந்தப் பக்கம். மனம் கலங்கினால் முதலில் கன்னடம்தான் வரும்.

“ஏனாயித்து?” என்று கேட்டார். என்ன ஆச்சு என்று அதற்கு அர்த்தம். அவர் கேட்ட தோரணையில் அர்த்தம் யாருக்கும் தேவைப்படவில்லை. பாட்டு நின்றது. அத்தைகளின் கைகள் எண்ணெயோடு அந்தரத்தில் நின்றன.

மல்லிகா ஓடி வந்தாள். “ஒண்ணுமில்லிங்க சம்பந்தி. பொறந்த வூட்ட வுட்டுப் போற வருத்தம், அதான்.”

உலகத்தில் எத்தனையோ வாக்கியங்கள் இருக்க, என் தங்கை இதைத் தேர்ந்தெடுத்தாள்.

“அந்தப் பொண்ணூட்லயும் இதையேதாங்க சொன்னாங்க” என்றார் சம்பந்தியம்மா, மெதுவாக. மேடையேறி நிவியின் பக்கத்தில் உட்கார்ந்து முகவாயைப் பிடித்து நிமிர்த்தினார். “கண்ணு, என்னைப் பாரு.”

“பாக்க முடியலிங்கத்தை” என்றாள் நிவி. உண்மைதான், கண்ணைத் திறக்க முடியவில்லை. ஆனால் சபை அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டது.

“பயப்படாத. நெசத்தச் சொல்லு. ஒன்ன யாராச்சும் பண்ணுனாங்களா இப்பிடி?”

நிவி மூச்சை இழுத்து, தும்மி, கையை நீட்டி, நான் நிற்கிற திசையைச் சரியாகக் காட்டினாள். “மாமாதான். எல்லாம் மாமாதாங்க பண்ணுனாரு.”

மாரண்டஹள்ளி முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. கூட்டத்தில் யாரோ ஒரு பெரியவர், “மாமன் மேல ஆசப்பட்டுச்சோ என்னமோ புள்ள” என்றார். கோமதி திரும்பியே பார்க்காமல் பதில் சொன்னாள். “இந்தாளுக்கோசரம் யாரும் அழுவ மாட்டாங்க பெரியவரே. கட்டிக்கிட்ட நானே அழுவறதில்ல.”

நான் விளக்கம் கொடுக்க முன்வந்தேன். “அது வந்துங்க, எளிதில் ஆவியாகும் பொருள்கள் சில, சளிச்சவ்வில் படும்போது...” என்று ஆரம்பித்ததும், மாப்பிள்ளையின் சித்தப்பா, “வாத்தியாரு பாடம் எடுக்கறாரு, உக்காருங்கப்பா” என்றார். கோமதிதான் என்னை ஒதுக்கிவிட்டு ஒரே வரியில் முடித்தாள். “எண்ணெய்ங்க சம்பந்தி. இவரு எதையெதையோ போட்டுக் காய்ச்சிட்டாரு. அது கண்ணுல எறங்கிடுச்சி.”

“எண்ணெய் வெச்சா யாருங்க அழுவாங்க? நாங்களுந்தான் எண்ணெய் வெக்கிறோம்.” சம்பந்தியம்மா நம்பவில்லை. நான் அவர் இடத்தில் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். அவர் என்னையும் தூக்குவாளியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மணையைக் காட்டினார்.

“அப்ப நீங்க உக்காருங்க வாத்தியாரே. இதே எண்ணெய நாங்க வெக்கிறோம். நீங்க அழுதிங்கன்னா பொண்ணுக்குச் சம்மதம்னு நம்பறன். அழுவலன்னா வண்டிய எடுக்கச் சொல்றன்.”

நிவியை எழுப்பிப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, அவள் இடத்தில் நான் உட்கார்ந்தேன். பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, வழுக்கை, மூக்குக்கண்ணாடி. எதிரில் குத்துவிளக்கு. தருமபுரி மாவட்டத்தில் நலங்கு கண்ட முதல் வேதியியல் ஆசிரியர் நானாகத்தான் இருப்பேன். மாரண்டஹள்ளிப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். சம்பந்தியம்மா முதல் கை வைத்தார். அடுத்தடுத்து ஆட்கள் வந்தார்கள். மண்டியில் தக்காளிப் பெட்டி தூக்கிப் பழகிய கைகள், சும்மா சொல்லக்கூடாது.

எனக்கு அழுகை வரவில்லை.

என் வழுக்கையில் எண்ணெய் எங்கும் தங்காமல், காதோரமாக இரண்டு பக்கமும் பிரிந்து சட்டைக்குள் போய்க்கொண்டிருந்தது. முன்னால் வந்த கொஞ்சநஞ்சத்தையும் கண்ணாடி தடுத்துக்கொண்டது. தவிர, இத்தனை காலம் அடுப்படியில் அந்தப் புகையிலேயே நின்ற கண்கள். அவை சித்திரை மாதத்துத் தொப்பூர் மலை மாதிரி வறண்டு கிடந்தன. நான் என் வாழ்வின் துயரங்களையெல்லாம் நினைத்துப் பார்த்தேன். வராத இன்கிரிமென்ட், வீட்டுக் கடன், பையனின் கணக்கு மார்க். ஒன்றும் வேலைக்கு ஆகவில்லை. திரையில் என் முகம் புத்தர் மாதிரி சாந்தமாகத் தெரிந்தது.

“அழுவுங்க மாமா” என்றாள் நிவி, அடைத்த மூக்கோடு. “தயவு பண்ணி அழுவுங்க.”

வரிசை முடிந்தது. சம்பந்தியம்மா என் கண்ணை உற்றுப் பார்த்தார். ஒரு பெருமூச்சு விட்டார். அவருக்கும் அதில் மகிழ்ச்சி இல்லை என்பது தெரிந்தது. மாப்பிள்ளை கார்த்தி மேடைக்குக் கீழே, தக்காளி லாரி கவிழ்ந்தவன் போல நின்றான். “கார்த்தி, வண்டியக் கொண்டாரச் சொல்லு” என்றார் சம்பந்தியம்மா.

“ஒரு நிமிசம் இருங்க சம்பந்தி” என்று ஒரு குரல் கேட்டது. கோமதி மேடைக்கு வந்தாள். என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். தூக்குவாளியில் மிச்சமிருந்ததை அப்படியே உள்ளங்கையில் கவிழ்த்து, என் நெற்றியிலிருந்து முகவாய் வரை ஒரே இழுப்பாக இழுத்தாள். கெட்டுப்போன சட்டிகள், பச்சையான தலையணைகள், காலி செய்துகொண்டு போன மாடி வீட்டுக்காரர்கள், எல்லாம் அந்தக் கையில் இருந்தன.

நான் அழுதேன். வாய்விட்டு அழுதேன். அது வெறும் கண்ணீர் இல்லை, ஊற்று. “தண்ணி, தண்ணி” என்று நான் கத்தியதை மைக் பிடித்து மண்டபம் முழுக்கச் சேர்த்தது. சாப்பாட்டுக் கூடத்தில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் வாளியோடு எட்டிப் பார்த்தார்கள்.

சம்பந்தியம்மா குனிந்து என்னைப் பார்த்தார். நம்பாமல் தன் விரலை என் கன்னத்தில் தொட்டு, தன் கண்ணோரத்தில் லேசாக வைத்துப் பார்த்தார். அடுத்த நொடி முந்தானையை முகத்தில் அழுத்திக்கொண்டு, “அய்யோ கருமமே, என்னாங்க இது” என்று மணையிலேயே என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அழுதுகொண்டே சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரித்த பிறகுதான் மற்றவர்களுக்குச் சிரிக்கும் தைரியம் வந்தது.

நிவி முகம் கழுவிக்கொண்டு வந்து நின்றாள். “எனக்கு முழுச் சம்மதமுங்கத்தை. தாலி கட்டறப்ப மட்டும் மாமாவ மேடைக்குக் கீழ நிறுத்துங்க.”

அப்படியே செய்தார்கள். கல்யாணம் நன்றாக நடந்தது. நான் கீழே இருந்து அட்சதை போட்டேன். கண் வீங்கியிருந்ததால் பாதி, ஐயர் மேல் விழுந்தது.

இப்போது இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அதில் என் முகம் ஒரு ஸ்டிக்கராக உலவுகிறது. அழுகிற எமோஜி யாருக்கும் தேவைப்படுவதில்லை. தக்காளி விலை விழுந்தால் மாரண்டஹள்ளி மண்டியிலிருந்து முதலில் வருவது நான்தான். தங்கம் விலை ஏறினால் மல்லிகா என்னைப் போடுகிறாள். என்னிடம் படிக்கிற பிள்ளைகளிடம் அது எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று தெரியவில்லை, செறிவுப் பாடம் ஆரம்பித்தாலே கடைசி பெஞ்சில் தோள்கள் குலுங்குகின்றன.

போன மாதம் நிவியின் குழந்தைக்குத் தொட்டில் போட்டார்கள். என்ன கொண்டுவரட்டும் என்று சம்பந்தியம்மாவிடம் போனில் கேட்டேன். “ஒண்ணும் வேண்டாங்க வாத்தியாரே. கைய சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க, அது போதும்” என்றார். போனோம். குழந்தையை வாங்கக் கையை நீட்டினேன். சம்பந்தியம்மா பேத்தியைத் தன் மார்போடு சேர்த்துப் பிடித்தபடி, வந்திருந்த ஜனம் அத்தனையும் பார்க்க, என் இரண்டு உள்ளங்கைகளையும் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தார். “ம், தூக்குங்க” என்றார்.

நல்லவேளை, முழங்கை வரைக்கும் போகவில்லை.